பஞ்சநதம் போட்ட வலது சிக்னல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததே பின்னால் வருகிறவனுக்குத் தன் போக்கைச் சொல்லத்தான் என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். லாரி உரிமையாளர் சங்கத்தார் ஆயுத பூஜையன்று எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘ஒளிச் சக்கரவர்த்தி’ என்று ஷீல்டு கொடுத்த மேடை அது. ஷீல்டு என் வண்டி ஒயரிங் பட்டறையில் டியூப்லைட்டுக்கு அடியில் தொங்குகிறது. டியூப்லைட் எரியாது.

பஞ்சநதம் ஓட்டும் பழைய நெல் லாரி வந்தபோது, பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரிந்தது. சிக்னல் போட்டால் பின்விளக்கு படபடத்தது. எர்த் கோளாறு. எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தில் சேரும் இடத்தில் துருவைச் சுரண்டி இறுக்கினேன். இற்றுப்போயிருந்த பின்பக்கச் சிக்னல் ஒயர்களையும் வெட்டிப் புதிதாகச் சேர்த்தேன். சங்கச் செயலாளர் குழந்தைராஜ் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவ போட்டுப் பாத்துருவமாண்ணே?” என்றான் பஞ்சநதம்.

“போட்டுப் பாக்குறவன்லாம் ஒரு எலெக்ட்ரீசியனாடா?” என்றேன்.

“சக்கரவர்த்தியவே சந்தேகப்படுறியே, வண்டிய எடுப்பா” என்று குழந்தைராஜ் சிரித்தார்.

வண்டி ரோட்டில் ஏறி வலது பக்கம் திரும்பியது. பின்னால் இடது விளக்கு மினுங்கியது. முன்பக்கம் சரியாக எரிந்ததால் டிரைவருக்குத் தெரிய வழியில்லை. அவனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். “ஒங்க கைராசி யாருக்கும் வராதுங்க” என்று குழந்தைராஜ் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எப்படிப் பேசுவது? போனைப் பையில் போட்டேன். ஆனால் உட்கார முடியவில்லை.

எங்கள் பக்கம் லாரி இடது சிக்னல் போட்டால், ‘நான் ஒதுங்கிக்கிறேன், நீ முந்திப் போ’ என்றும் அர்த்தம். அந்த நடையிலேயே, திருவையாறு ரோட்டில் நெல் கொள்முதல் நிலையத்துக்குத் திரும்ப, பஞ்சநதம் வலது சிக்னல்தான் போட்டிருக்கிறான். பின்னால் பைக்கில் வந்த ஆன்டோ என்ற பையன், விளக்கு சொன்னபடி வலது பக்கமாக முந்தினான். லாரியின் பின்சக்கரம் அவன் மேல் ஏறிவிட்டது.

விளக்கைச் சோதித்துச் சொல்ல நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். ஸ்டேஷனில் நின்ற வண்டிக்கு அடியில் தனியாகப் படுத்து, ஒயர்களை இடம் மாற்றிச் சேர்த்தேன். அன்றைக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். பிறகு உங்களுக்குக் காட்டினேன். எல்லாம் சரியாக எரிந்தது. தப்பாகச் சிக்னல் போட்டான் என்று பஞ்சநதத்தை உள்ளே வைத்தீர்கள்.

அவன் மனைவி தர்மாம்பாள் பட்டறைக்கு வந்தாள். “சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாமயாண்ணே அவரு இத்தன வருசம் வண்டி ஓட்டினாரு?”

“அசதியில வர்றதுதாம்மா” என்று ஆறுதல் சொன்னேன். நல்ல வக்கீலாகவும் பார்த்துக் கொடுத்தேன். அவளுக்கு என் மேல் மரியாதை உண்டு.

அதிலிருந்து எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். சோறு பாதியில் காய்கிறது. அவனை விட்டுவிடுங்கள். ஆன்டோவைக் கொன்றதும், அதை இவன் தலையில் கட்டியதும் நான்தான்.

இவ்வளவு நல்ல பேர் வாங்கியவன் ஒயரை எப்படி மாற்றிச் சேர்த்தான் என்று கேட்கிறீர்கள். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டால் போதாதா?

அந்த ஒயர்களில் ஒன்று பச்சை, ஒன்று பிரவுன் என்கிறார்கள். எனக்குப் பிறந்ததிலிருந்து இரண்டும் ஒரே நிறம்.