முழுத் தொடை கேட்ட மெசின்

மூடியைத் திறவாதேங்கோ தம்பி! திறவாதேங்கோ! ...ஐயோ, திறந்திட்டியள். சரி, போச்சு. இனிப் பழையபடி சூடேறப் பத்து நிமிசம் போகும். உதுதான் இந்த மெசினோட எனக்குள்ள பெரிய வில்லங்கம். வாறவன் போறவன் எல்லாரும் மூடியைத் திறந்து, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாக்கிறாங்கள். ஒண்டுமில்லை! சும்மாதான் ஓடுது. இண்டைக்கு ஞாயிறு, வயலுக்கும் போகேல்லை, சும்மா இருக்க மனம் கேக்கேல்லை, மூட்டிவிட்டன்.

ஆர், நிசாந்தினியையோ தேடுறியள்? அவா பின்னுக்குக் கோழியளுக்குத் தீன் போடுறா, வருவா. நீங்கள் உந்தக் கதிரையில இருங்கோ. முன்வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமையாகுது, இன்னும் ஒருநாள் இருந்து கதைக்கேல்லை. பாங்கில வேலை எண்டா அப்பிடித்தான் என்ன, எப்ப பாத்தாலும் அவசரம். பை ரெண்டையும் மேல வையுங்கோ, நாய் நிக்குது. அட சீ, போ அங்கால! இண்டைக்கு ஏன் இது உங்களையே சுத்துது?

என்ன, இதென்ன மெசின் எண்டோ? அதைக் கேளுங்கோ. மனிசி நிசாந்தினியின்ர தம்பி அனோஜன், என்ரை மச்சான், சுவிஸில இருக்கிறான். அவன் கப்பலில அனுப்பினது. இறக்கேக்க இந்த ஒழுங்கைச் சனமெல்லாம் திரண்டு வந்தது. ஒருத்தன் சொன்னான் தண்ணி மோட்டர் எண்டு, இன்னொருத்தன் சவப்பெட்டி எண்டிட்டான். விசரன்!

இந்தப் பெட்டிக்குள்ள மரக்குறுணி போடோணும். மரத்தூளை அமத்தி, கோழித்தீன் மாதிரிச் சின்னச் சின்னனாச் செய்தது. எங்கட கோழியளே ரெண்டு நாள் ஏமாந்து கொத்திப் பாத்துதுகள். உள்ளுக்கு ஒரு திருகாணி சுத்திச் சுத்திக் குறுணியை நெருப்புக்குக் கொண்டுபோகும், ஒரு காத்தாடி ஊதும். நீங்கள் உதில எவ்வளவு சூடு எண்டு திருகிவிட்டாச் சரி. புகையிலயே ஆறேழு மணித்தியாலம் கிடந்து இறைச்சி வேகும். கரண்ட் நிண்டா எல்லாம் நிக்கும், அது வேற கதை. காட்டில பாலை விறகு கிடந்து உக்குது, நான் சுவிஸ்காரன்ர மரத்தூளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஆனையைக் கட்டித் தீன் போடுறது எண்டு சொல்லுவினம், இதுதான் அது.

அவனிலயும் பிழையில்லை. அவன் வட்சப்பில மூண்டு படம் அனுப்பிக் கேட்டவன். "அத்தான், என்ன சுடப்போறியள்? மீனும் சின்னத் துண்டுகளுமெண்டா இந்தச் சின்னனே போதும், இறைச்சி வைக்கிற கம்பியும் நெருக்கம்" எண்டான். நான்தான், பெரிய மனிசன் எல்லோ, "சின்னனோ? எனக்கு முழுத் தொடை கிடக்கிற மாதிரிப் பாத்து அனுப்பு" எண்டனான். பெரிசையே அனுப்பிப்போட்டான். இஞ்ச பாருங்கோ, இதில தகடு ஒண்டு இருக்கு. தொடை புகையில வெந்தாப் பிறகு இதை இழுத்துவிட்டா நெருப்பு நேரா மேல வரும். அதில ரெண்டு பக்கமும் பிரட்டிச் சிவக்கச் சுடோணும். அடேயப்பா, வீடியோவில பாக்கேக்க வாய் ஊறும்! ஆனா அகப்பை எவ்வளவு பெரிசாயிருந்தென்ன, சட்டியில இருந்தாத்தானே வரும்? தொடைக்கு எங்க போறது?

பங்கு தெரியும்தானே உங்களுக்கு? ஞாயிற்றுக்கிழமையில எட்டுப்பேர் சேந்து ஒரு கிடாய். தில்லைநாதன் அண்ணை வீட்டுப் புளியமரத்தடியிலதான் வெட்டுறது. வாழையிலையில எட்டுக் குவியல். ஒவ்வொரு குவியலிலயும் தொடையில கொஞ்சம், விலாவில கொஞ்சம், ஈரல், குடல், எலும்பு, எல்லாம் இருக்கோணும். ஒருத்தனுக்கும் கூடக்குறையக் கூடாது.

மெசின் வந்த முதல் ஞாயிறு அந்தப் பங்கைத்தான் இதுக்குள்ள போட்டனான். பாதித் துண்டு கம்பிக்குள்ளால கீழ விழுந்து கருகிப்போச்சு. ஈரல் செருப்புத்தோல். குடல் எங்க போனதெண்டே தெரியாது. போதாக்குறைக்கு, எட்டு வீட்டுக்காரரும் வந்து மாறி மாறி மூடியைத் திறந்தவை. சரி சரி, நானும் திறந்தனான்தான். நான்தான் கூடத் திறந்தனான் எண்டு நிசாந்தினி சொல்லுவா, அதை நம்பாதேங்கோ.

அடுத்த கிழமை மரத்தடியில கேட்டனான்: "அண்ணை, எனக்கு ஒரு தொடையை முழுசாத் தாங்கோ, மற்றதுகள் ஒண்டும் வேண்டாம்" எண்டு. நியாயமான கதைதானே? மனிசன் கத்தியைத் துடைச்சுக்கொண்டு சொல்லுறார், "சுதாகரன், உனக்கு முழுத் தொடை தந்தா மற்றவன் என்னத்தை வெறும் எலும்பையோ சூப்புறது? இஞ்ச ஒரு சட்டம் இருக்கு" எண்டு. எல்லாரும் சிரிக்கிறாங்கள். எனக்குக் கோவம் ஏறிப்போச்சு. "அப்ப என்ரை பங்கை ஆருக்கும் குடுங்கோ, நான் இனி வரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வாய்! இந்த வாய் இருக்கே...

சட்டமோ? ஓம், சட்டம் இருக்குத்தான். ஆர் போட்டதெண்டு கேளுங்கோவன். ...நான்தான். என்ன செய்யிறது? ஒருக்கா தில்லைநாதன் அண்ணை முழு ஈரலையும் தனக்குக் கேட்டவர். நான்தான் எழும்பி, "ஈரலெண்டாலும் எலும்பெண்டாலும் எல்லாரின்ர குவியலிலயும் கிடக்கோணும், முழுசா ஒருத்தருக்கும் இல்லை" எண்டு பெரிய நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொன்னனான். மனிசன் அதை மறக்கேல்லை. மறப்பாரோ?

மூண்டு கிழமையாச்சு தம்பி, நான் அங்க போகேல்லை. அவையள் சிரிக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்கும். அதுக்காகவே ஞாயிறு விடிய வயலுக்கு ஓடிறனான், வரம்பைச் சுத்திச் சுத்தி வருவன். உள்ளதைச் சொல்லுறன், இறைச்சிக்கில்லை. அந்த மரத்தடிக் கதைக்குத்தான். அதில்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பிறகு, போய் நிக்க வெக்கமாயும் கிடக்கு. ஒருத்தராவது "ஏனடா வரேல்லை" எண்டு கேட்டிருந்தா...

இல்லை இல்லை, இறைச்சிக்குக் குறையில்லை. நிசாந்தினி ஆரிட்டையோ சொல்லிக் கடையில எடுப்பிச்சுச் சமைச்சு வைக்கிறா. நான் வயலால வரக் கறி ரெடி. ஆனா கடை இறைச்சி கடை இறைச்சிதான் தம்பி! ஒரு ருசியுமில்லை, றப்பர். என்ன கிழட்டு ஆட்டை வெட்டினாங்களோ! போன கிழமை சப்பிப் போட்டுத் துப்பினனான். பங்கு இறைச்சியின்ர ருசி எங்க, உது எங்க! வாயில வைச்ச உடன தெரியும் எனக்கு. நாக்கு அப்பிடி.

சீ நாயே! பையை விடு! தம்பி, என்னதான் கொண்டு திரியிறியள்? ரத்தமெல்லே வடியுது! ...என்ன? பங்கோ? ஆர், நீங்களோ? உங்களைச் சேத்தவையோ? ...ஓ. நல்லது. ஆரின்ர இடத்தில? ...என்ரை இடம்தானே. நான்தானே குடுக்கச் சொன்னனான். சந்தோசம்...

என்ன? ஒன்பதாவது குவியலோ? அப்ப எட்டாவது ஆருக்கு? ...மற்றப் பையோ? "நிசாந்தினி அக்கான்ர கையில குடு, அவனிட்டைக் காட்டாதை" எண்டோ? ஆர் சொன்னது, தில்லைநாதன் அண்ணையோ?

பொறுங்கோ, பொறுங்கோ. கிழமைக்குக் கிழமையோ? பின்வாசலாலயோ? அப்ப நான் மூண்டு கிழமையாத் திண்ட... துப்பின...

இஞ்சரும், நிசாந்தினி! இஞ்ச வாரும்! ...சிரியாதையும்! கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு சிரிக்கிறா, பாருங்கோ!

குடுங்கோ தம்பி, அந்தப் பையைப் பாப்பம். ஈரல் இருக்கு... குடல்... விலா... இதென்ன, தொடையோ இது? பாருங்கோ, எவ்வளவு சின்னனா வெட்டியிருக்கிறார், கள்ள மனிசன்! வேணுமெண்டுதான் வெட்டியிருக்கிறார். ...ஒண்டுமில்லை, புகை. கண்ணுக்குள்ள புகை போயிட்டுது.

இஞ்சரும், பெரிய சட்டியை எடும். தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கறியைக் கூட்டும். சட்டியோட இந்த மெசினுக்குள்ள வைப்பம், மூடியை ஒருத்தரும் திறக்கப்படாது! கம்பிக்குள்ளால விழாதுதானே? அட, இது ஏன் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியேல்லை?

தம்பி, எங்க எழும்பிறியள்? இன்னும் கதை முடியேல்லை! படலையைத் திறந்து ஓடுறார், பாருங்கோவன். மத்தியானம் சாப்பிட வாங்கோ! தில்லைநாதன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ! ...தம்பி! ஒண்டு! அந்த இறைச்சி றப்பர் எண்டு நான் சொன்னது... அதை மட்டும் அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ!