முப்பத்தோரு ஆணி ஓட்டை

இல்லம்மா, பெல்லை எத்தனை தடவ அடிச்சாலும் ஓனரு வரமாட்டாரு. மத்தியானம் படுத்தாருன்னா நாலு மணிக்குத்தான் கதவத் தெறப்பாரு. வெயில்ல நின்னு என்ன பண்ணப் போறே, இப்படி என் தையக்கடைக்குள்ள வந்து உக்காரு. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காரு, பரவால்ல, எல்லாம் வெட்டுத் துண்டுதான். அட, உன் பை கைப்பிடி அந்து தொங்குதே? இப்படிக் குடு. பேசிக்கிட்டே ரெண்டு தையல் போட்டுடறேன். காசெல்லாம் வேணாம், சும்மா இரு.

மாடி வீடு பாக்கத்தானே வந்தே? எப்படித் தெரியுமா? அந்த ‘வீடு வாடகைக்கு’ போர்ட நிமிந்து பாத்துக்கிட்டு நிக்கிறவங்க வேற எதுக்கு வருவாங்க?

வீடு நல்ல வீடு. அதுல நான் குறை சொல்லமாட்டேன். ஏழு வருஷம் நான் குடியிருந்த வீடு. காலைல சமையல்கட்டு ஜன்னல் வழியா வெயில் அடுப்பு வரைக்கும் வரும். தண்ணிக்குக் கஷ்டமே கிடையாது. பாரு, நானே சொல்றேன். ஒரு பொய் சேத்துச் சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன். உள்ளத மட்டும் சொன்னாலே போதும், அதுவே வேல செய்யும்.

அட்வான்ஸ் எவ்ளோ கேட்டாரு? பத்து மாசமா? எங்ககிட்டயும் அதேதான். வாங்கும்போது என்ன இனிப்பு வாய்ல! இது உங்க பணம்தாம்மா, என் பீரோவுல தூங்குது, அவ்ளோதான்னாரு. தூங்கத்தான் செஞ்சுது. எழுப்பத்தான் முடியல.

எங்க வீட்டுக்காரருக்கு முட்டி போச்சும்மா. லாரி ஆபீஸ்ல இருவது வருஷம் நின்னுக்கிட்டே பில்லு போட்டவரு. மாடி ஏற முடியல, கீழ் வீடு ஒண்ணு பாத்தோம். ரெண்டு மாசம் முன்னாடியே இவருகிட்ட சொல்லிட்டோம். காலி பண்ற அன்னிக்கு வந்தாரு பாரு, பட்டப்பகல்ல கைல டார்ச் லைட்டு, பாக்கெட்ல ஸ்டீல் ஸ்கேலு. செவுத்துல ஒவ்வொரு ஆணி ஓட்டையா லைட்ட அடிச்சு, ஸ்கேல வெச்சு அளந்து, நோட்டுல எழுதினாரு. அன்னிலேர்ந்து எங்க வீட்டுல அவரு பேரே ஸ்கேலு. முப்பத்தோரு ஓட்டைன்னாரு. சார், இதுல இருவத்திரண்டு நாங்க வரும்போதே இருந்ததுன்னேன். பாத்திரம் கழுவுற தொட்டில விரிசல்னாரு. மொத நாளே உங்களக் கூப்பிட்டுக் காட்டினேனே சார்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? காட்டுனீங்கம்மா, எழுதி வாங்குனீங்களான்னாரு. சிரிச்சுக்கிட்டே.

நீ வேணா சிரி. இப்போ நெனச்சா எனக்கும் சிரிப்பு வருது.

பெயிண்ட் அடிச்சுக் குடுங்கன்னாரு, கைக்காச போட்டு அடிச்சோம். கலர் கொஞ்சம் வெளுப்பா இருக்கு, திருப்பி அடிங்கன்னாரு. சனிக்கிழமை ஆனா போய் நிப்பேன். அந்தக் கேட்டுக்கு வெளியதான், உள்ள விடமாட்டாரு. அவரு சம்சாரம் எட்டிப் பாத்து, குளிக்கிறாரும்மான்னு சொல்லும். மனுஷன் நாலு மாசமா குளிச்சாரு! எங்க வீட்டுக்காரரு, விட்டுத் தொலை, போனாப் போகுதுன்னாரு. எனக்கு விட வரல. கீழ் வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸு கடன் வாங்கின காசு. நான் ஏன் விடணும், சொல்லு?

கோர்ட்டுக்குத்தான் போனேன். வக்கீலெல்லாம் இல்ல, நானே எழுதினேன். எட்டாவது படிச்சவ. பெயிண்ட் கட பில்லு, வாடகச் சீட்டு, எல்லாத்தையும் ஒரு துணிப்பைல போட்டுத் தூக்கிக்கிட்டுப் போனேன். ஒம்பது மாசம். இந்தா, இந்த நூல அந்தப் பக்கம் இழுத்துப் புடி. ஆங், அப்படித்தான்.

வந்துச்சா? வந்துச்சேம்மா! பைசா குறையாம வந்துச்சு. தீர்ப்பு சொல்றதுக்கு முந்தின நாளே செக்க எழுதி ஆளுகிட்டக் குடுத்து அனுப்பிட்டாரு.

ஏன் அப்படிப் பாக்குறே? ஓ, இன்னும் தரலன்னு நெனச்சியா? இல்லல்ல. மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பணத்த என்ன பண்ணேன்னு கேளு. இந்தக் கடைக்கு அட்வான்ஸா குடுத்தேன். ஊருல எத்தனையோ கட காலியாத்தான் இருந்துச்சு. இது இருட்டு, மழ வந்தா ஒழுகும், தைக்கக் குடுக்கவும் இந்தத் தெருவுல பெருசா ஆளு கிடையாது. ஆனா மிஷின இப்படித் திருப்பிப் போட்டா, நிமிந்த ஒடனே அவரு கேட்டு தெரியும். நீ பத்தொம்பதாவது ஆளு. எல்லாருக்கும் தண்ணி குடுப்பேன், உக்கார வெப்பேன், ஆணி ஓட்டையச் சொல்லுவேன். யாரையும் வராதேன்னு சொன்னதில்ல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றோம்பாங்க. அதோட சரி. மூணு வருஷமா பூட்டியே கெடந்து மாடில ஜன்னல் சட்டமெல்லாம் உப்பிப் போச்சு, பாத்தியா? சாயங்காலம் அவரு வெளிய வந்து அந்த போர்டத் தொடைப்பாரு. அப்பிடியே என்னப் பாப்பாரு. நான் மிஷின நிறுத்தாமயே ஒரு சிரிப்புச் சிரிப்பேன்.

பணம்தான் வந்துடுச்சே, அப்புறம் ஏன்ங்கிறியா?

எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. உன் வயசுதான் இருக்கும். மூணு தடவ பரீட்ச எழுதி, ஒரு பெரிய பேங்க்ல கேஷியரா எடுத்தாங்க. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி, குடியிருந்த எடத்துல எல்லாம் விசாரிக்க ஆள் அனுப்புவாங்களாம். கேஸு நடந்துக்கிட்டு இருந்த நேரம். அந்த ஆளு இவரு கேட்டுக்கு வந்தான். இவரு திட்டலம்மா, கத்தலம்மா. நல்ல குடும்பம்தான் சார், ஆனா பணம் கை மாறுற வேலைன்னா நான் எதுவும் சொல்ல விரும்பலன்னாரு. அவ்ளோதான். யாரு சொன்னாங்களா? அவரு சம்சாரமே வந்து அழுதுக்கிட்டே சொல்லிட்டுப் போச்சு. ஆர்டரு வரவே இல்ல.

அதான் நானும் கேட்டுக்கு வர்ற ஆளுங்ககிட்ட ரெண்டு வார்த்த சொல்றேன். தப்பா?

இந்தா உன் பை. இழுத்துப் பாரு, இனிமே அறுகாது.

பொண்ணா? இங்க இல்ல. எங்கயோ குடோன்ல டப்பா ஒட்டுற வேலைக்குப் போயிட்டா. அப்பாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புறா, போன்ல பேசுறா. எனக்கு ஒரு வார்த்த கிடையாது. அந்த விசாரண வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து கேட்டா. அம்மா, ஒரு மாசம் மட்டும் கேஸ நிறுத்தி வையி, ஆர்டரு கைக்கு வந்ததும் நீ என்ன வேணா பண்ணிக்கோன்னா. கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. நான் மாட்டேன்னுட்டேன். ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன்னேன்.

அதோ, கதவு தெறக்குது, போய்ட்டு வா. என்ன பண்றதும்மா, என்னையே திட்டிக்கிட்டு எத்தன நாளு உக்காந்திருக்க முடியும் சொல்லு? அவருன்னா எதிர்லயே இருக்காரு, வசதியா.