கூடை விளக்கும் பெரட்டு மணியும்

கடற்கரை வீட்டுக்குப் பழைய சாமான் தேடுவது லேசான வேலை இல்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். துரு இருக்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது.

பதுளையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன் நான். கொழும்பு நபீலா மேடம் அறுகம்பேயில் சுற்றுலாக்காரருக்கென்று சின்ன வீடு ஒன்று கட்டியிருந்தார்.

"எட்வர்ட் அங்கிள், எல்லாம் புதுசா இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி. எல்லாம் பழசா இருந்தா மையத்து விழுந்த வீடு மாதிரி. ரெண்டையும் கலக்கணும்" என்றார்.

கலந்து கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சாய்வு நாற்காலி, பக்கத்தில் கண்ணாடி மேசை. துரை முகம் கழுவிய பீங்கான் தொட்டியில் கள்ளிச்செடி. நம் பெண்கள் தலையில் கயிறு போட்டுச் சுமந்த கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே ஒரு பேட்டரி விளக்கு. வந்தவர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கயிறு யார் தலையை அறுத்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் படம் நன்றாக வராது.

பிறகு வாசலுக்கு ஒரு பழைய மணி வேண்டும் என்றார்.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் பக்கத்தில், பித்தளைப் பெரட்டு மணி தொங்கியது. ஒரு காலத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடித்தது. மேலே மலையில் வெடிப்பு விட்டு, மண் சரியும் என்ற பயம் வந்த பிறகு அதற்கு வேறு வேலை. பெருமழை பிடித்தால் கிருபாகரன் விடாமல் அடிப்பான். சனம் லயத்தை விட்டு மேலே கோயிலுக்கு ஓடும். காவலுக்கென்று லயத்தார் நிறுத்திய ஆள் அவன். எனக்கு மருமகன் முறை.

"மாமா, இது போனா சனத்த எப்படிக் கெளப்புறது?"

"புதுசு தர்றேன்டா. சுவிச்ச அமுத்துனா அடுத்த மலைக்கே கேக்கும்."

"மழைன்னா இங்க மொதல்ல போறதே கரண்டுதானே?"

"உள்ள பேட்டரி இருக்கு. அதுகூடத் தெரியாமயா கொண்டாந்திருக்கேன்?"

அவன் பெண்சாதி அற்புதமலர் குறுக்கே வந்தாள். "பழசும் கெடக்கட்டுமே மாமா. அதுக்கு என்ன சோறா போடுறோம்?"

"வெள்ளைக்காரன் உங்கள வெரட்ட அடிச்ச மணி. அதக் கட்டிக்கிட்டு அழு" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிருபாகரனுக்கு வெட்கமாகிவிட்டது. அவனே கழற்றி, அவனே வேனில் ஏற்றினான். புது மணியைச் சுவரில் பூட்டி, கரண்டில் ஒருமுறை அடித்துக் காட்டினேன். நாய்கள் சிதறி ஓடின. எல்லாருக்கும் திருப்தி.

மேடத்துக்கும் திருப்தி. வெள்ளைச் சுவரில் பித்தளை நல்ல எடுப்பாக இருந்தது.

கார்த்திகை மழையில் ஒரு ஞாயிறு காலை கரண்டு போனது. மலை இறங்கியது. அதற்குச் சற்று முன், மணிக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஏறிய அற்புதமலர், பாதையில் நின்று திரும்பிப் பார்த்தாளாம். "மாமா, அவரு சுவிச்ச அமுத்திக்கிட்டே நின்னாரு" என்றாள். லயத்தார் மணி அடிக்கட்டும் என்று உள்ளேயே இருந்திருக்கிறார்கள். கீழ் லயத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவனும்தான்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். நான் சொன்ன பேச்சை நம்பி நின்றான். நான் யாரையும் அப்படி நம்புவதில்லை. அதனால்தான் இந்த வயதுவரை இருக்கிறேன்.

பேட்டரி பொய் இல்லை ஐயா. பெட்டியோடு வந்தது. லயத்துக்குப் போவதற்கு முன் கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்தாளிகள் வந்து நிற்கும்போது கூடை விளக்கு அணைந்துபோனது. மேடத்தின் முகம் சுருங்கியது. வேனில் கிடந்த புது மணியிலிருந்து பேட்டரியைக் கழற்றி விளக்கில் போட்டேன். எரிந்தது. கைதட்டினார்கள். திரும்பும்போது பசறையில் பேட்டரி விற்கும் கடை திறந்துதான் இருந்தது. மழையில் இறங்கச் சோம்பல்.

நான் மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். கிருபாகரன் கேட்டபோது அந்தப் பெட்டி காலி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் களவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வருகிறவன் நான்.