கீழ்ப்பூச்சு

மாத்தளை மழையில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. இதைச் சொன்னால் என்னைச் சோம்பேறி என்பார்கள். வஹகோட்டைத் தேவாலயப் படங்களைத் திருத்த வந்த ஒரு பாதிரியாரிடம் பழகிய தொழில் இது. முதலில் முகத்தைச் சாம்பல் நிறத்தில், பிணம் போல வரைந்துகொள்ள வேண்டும். அது காய்ந்த பிறகு மெல்லிசாக ஒரு நிறம். அதுவும் காய்ந்த பிறகு இன்னொன்று. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப்போகக் கூட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பூச்சுக்குப் பிறகுதான் கன்னத்தில் இரத்தம் ஓடும். எனக்கு மனைவி மக்கள் இல்லை. காத்திருப்பது பழகிவிட்டது.

நல்லம்மா எழுபத்தோராம் ஆண்டில் வந்தாள். யட்டவத்தைப் பக்கம் தோட்டத்தில் றப்பர்ப் பால் வெட்டுகிறவள். கணவனும் எட்டு வயது மகள் ராசம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இந்தியா போகக் கொடுத்த மனுவில் யாரோ இவள் பெயரைச் செல்லம்மா என்று எழுதிவிட்டதால் இவளுடைய பாஸ்போட் மட்டும் பிந்திவிட்டது.

"என்னைய ஒரு படம் வரைஞ்சு குடுங்கண்ணே. புள்ள எம் மொகத்த மறந்துறக் கூடாது" என்றாள்.

போட்டோ பிடித்து அனுப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார் என்றேன். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தவறிப்போகும் என்று பயந்தாள். என் விலாசத்தைக் கொடுக்கச் சொன்னேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து மகளைப் பற்றியே பேசுவாள். என் வீட்டில் அதுவரை யாரும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. அவள் போன பிறகு அந்த நாற்காலியை நகர்த்த மாட்டேன். தனிமை என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

படம் முடிந்தால் வரமாட்டாள். அதனால் கீழ்ப்பூச்சிலேயே எண்ணெயைக் கூட்டினேன். "இன்னும் காயலையாண்ணே?" என்பாள். தொட்டுப் பார் என்பேன். உண்மையாகவே ஒட்டும்.

நான்காம் மாதம், கண்டிக்கு வந்து பாஸ்போட்டை எடுத்துக்கொள்ளும்படி அவளுக்குக் கடிதம் வந்தது. அரசாங்கக் காகிதம், கிழிக்க மனம் வரவில்லை. படம் கெட்டுப்போய்விட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சட்டத்தில் புதுத் துணி கட்டினேன். கடிதத்தை அதில் ஒட்டி, மேலே வெள்ளை பூசி, அவள் முகத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

பிறகு, இந்தியாவில் அவர்களை இறக்கி வைத்திருந்த முகாமிலிருந்து ராசம்மாவின் கடிதங்கள் வந்தன. யாரோ எழுதிக் கொடுத்தவை. அப்பா காய்ச்சலில் செத்துவிட்டார், அம்மா எப்போது வருவீர்கள் என்று முதலாவது. பக்கத்துக் குடும்பம் சோறு கொடுக்கிறது என்று இரண்டாவது. மூன்றாவதை அந்தக் குடும்பமே எழுதியிருந்தது. பிள்ளையும் போய்விட்டதாம். நான் அழுதேன், ஐயா. அழுதுகொண்டேதான் பசை காய்ச்சினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுத் துணி, ஒரு புது முகம். அதற்குப் பிறகும் பதினொரு ஞாயிறு நல்லம்மா வந்து உட்கார்ந்து, மகளுக்குப் பக்கத்துக் கடை லாபிர் நானாவிடம் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே எண்ணெய் கூடினால் மேற்பூச்சு வெடிக்கும். தெரிந்தேதான் செய்தேன். போன ஞாயிறு நான் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில், சுவரில் இருந்த ஒரு படத்தின் கன்னம் உரிந்து காகிதம் தெரிந்திருக்கிறது. அவளுக்கு எழுத்து தெரியாது. படத்தைத் தூக்கிக்கொண்டு லாபிரிடம் ஓடினாள். அவர் கத்தரிக்கோல் முனையால் சுரண்டிச் சுரண்டி வாசித்தது எனக்குச் சுவருக்கு இப்பால் கேட்டது.

"இதுல ராசம்மான்னு இருக்கா, நானா?"

"இருக்கு, தங்கச்சி."

அந்தப் படத்தோடேயே அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

நான்கு கடிதங்களையும் மறைத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை நான் பிடித்து வைத்திருந்ததாக மட்டும் எழுதாதீர்கள். ஆறு மைல் நடந்து அவளாகவே வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் படியேறியதும், "கடுதாசி வந்துச்சாண்ணே?" என்று கேட்பாள். அது சும்மா பேச்சைத் தொடங்குவதற்குத்தான், ஐயா. அவள் வந்தது என்னைப் பார்க்க.