சுடாத அசனச் சோறு

சகோதரரே, சகோதரிகளே, நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஞானப்பூ என்கிற விதவை அசனத்துக்குக் கொடுத்த அரிசியை இந்தச் சபை திருப்பி அனுப்பியது. சாத்தான் அனுப்பவில்லை. நாம் அனுப்பினோம். கமிட்டியில் கை தூக்கிய ஏழு பேரில் நானும் ஒருவன்.

இதைப் பதினொரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும், "பெரியவருக்கு வயசாயிட்டு" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு வாங்க முடியாது. மாற்கு ஒன்றாம் அதிகாரத்தில் குஷ்டரோகியைக் குறித்துப் பேசச் சொல்லி நம் சபைப் போதகர் ஐயரே என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறார். அந்த வசனத்துக்குப் பொருத்தமாகச் சின்னதாக ஒரு கதை இருக்கிறது... கேளுங்கள். என் கண்ணால் கண்டது.

பிடி அரிசி உங்களுக்குத் தெரியும். உலையில் போடுமுன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிறோம். வருஷமெல்லாம் சேர்த்து, அசனத்துக்கு எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டிப் பொங்கி, சபையே ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஞானப்பூவும் சேர்த்தாள். ஆனால் அவள் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் இருந்து வந்தவள். நோய் தீர்ந்ததென்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. போன விரல் வருமா? வலது கையில் இரண்டுதான் மிச்சம்.

அந்தக் கை பிடித்த அரிசியா என்று கேட்டோம். கை தூக்கினோம். அவளுடைய ஓலைப்பெட்டியை நான்தான் சுமந்துபோய் அவள் வாசலில் வைத்தேன். அவள் அரிசியை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். "புழு ஒண்ணும் விழலியே அண்ணாச்சி?" என்றாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அசனம். உச்சிப் பொழுது. முதல் பந்தியில் கமிட்டியும் ஊர்ப் பெரியவர்களுமாக நாற்பது பேர். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆவி பறக்கச் சோறு விழுந்தது, மேலே கொதிக்கிற சாம்பார். ஜெபித்தோம். கை வைத்தோம்...

சத்தமே இல்லை.

அசனப் பந்தியில் எப்படிச் சத்தம் இருக்கும்? ஒருவர் கையை உதறுவார், ஒருவர் ஊதுவார், ஒருவர் தண்ணீர் கேட்பார். அன்றைக்கு ஒருவரும் ஊதவில்லை. நாற்பது கை இலைக்கு இறங்குகிறது... வாய்க்கு ஏறுகிறது... நடுவில் ஆவி மட்டும் அசைகிறது. வேப்பமரத்துக் காக்கைகூடக் கத்தவில்லை.

என் எதிரே அப்போதைய செயலர் அருமைநாயகம். அவர் சமையல்காரரைப் பார்த்து, "என்னவே தவசுப்பிள்ளை, நேத்தே ஆக்கி வச்சீரா? பச்சத்தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார். சமையல்காரர் மிரண்டு போனார். அப்போதுதான் திறந்த அண்டா. கரண்டிக் காம்பில் துணி சுற்றித்தான் பிடித்திருந்தார். ஆனால் செயலர் சொன்னது உண்மை. என் நாக்கிலும் சூடு இல்லை.

அப்போது காம்பவுண்டு வாசலில் ஒரு குரல்... ஞானப்பூ. உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, கைய எடுங்க. சோறு கொதிக்குது."

அருமைநாயகம் சிரித்தார். "நீ தொட்டுப் பாத்தியாக்கும்?"

"எனக்குத் தொட்டாத் தெரியாது அண்ணாச்சி. கண்ணாலதான் சூடு பாப்பேன். உங்க கையப் பாருங்க."

பார்த்தோம்...

விரலெல்லாம் கொப்புளம். நாற்பது பேர் கையிலும். ஒருவருக்கும் வலிக்கவில்லை.

அடுத்து என்ன செய்வதென்று அவள்தான் வாசலில் நின்றபடியே சொன்னாள். பச்சைத் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னாள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், வலி இல்லையென்று வேலை செய்யாதீர்கள், அப்படித்தான் என் விரல் போயிற்று என்றாள். நாற்பது பெரிய மனுஷரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலக் கேட்டோம். மூன்றாம் நாள் எனக்கு வலி வந்தது. வலி வந்ததென்று ஸ்தோத்திரம் பண்ணி அழுதேன்.

வலி வந்ததும் கமிட்டி என்ன செய்தது? சாம்பாரில் ஏதோ கலப்படம் என்று மினிட்ஸ் எழுதியது. ஞானப்பூவை இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. அவளும் இன்றுவரை அசனம் சாப்பிடவில்லை.

நான் வேதக் கல்லூரிக்குப் போனவனல்ல. எழுத்துக் கூட்டி நானாகப் படித்தவன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இயேசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே அந்தக் குஷ்டரோகி சுகமாயிருப்பான். பின் ஏன் கையை நீட்டித் தொட்டார்? ஊரில் ஒருவரும் அவனைத் தொடவில்லை, அதனால். தொடாத கை மரத்துப்போகும். நம்முடைய கை, கமிட்டியில் தூக்கின அன்றைக்கே மரத்துவிட்டது. நமக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு அசனம். செயலர் அவர்களே, அந்த மினிட்ஸ் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, அரிசியை ஏன் திருப்பினோம் என்று உள்ளபடி எழுதுங்கள். ஐயர் அதைச் சபைக்கு வாசிக்க வேண்டும். பெண்கள் சங்கத்தார் அவள் வீட்டுக்கு நேரில் போய் அரிசி கேட்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. வரமாட்டேன் என்று அவள் சொல்லலாம், அவளுக்கு உரிமை உண்டு. அப்படியானால் வாலிபர் சங்கம் அண்டாவை அவள் தெருவுக்குத் தூக்கிப் போகட்டும், பந்தி அங்கே நடக்கட்டும். கை தூக்கினவர்களில் உயிரோடிருக்கிற நாலு பேரும் பந்தியில் உட்காரக் கூடாது. எச்சில் இலை எடுக்க வேண்டும்.

ஞானப்பூ சாப்பிட்ட இலையை வேறு யாரும் தொட வேண்டாம். அதை நான் எடுப்பேன்.