மாரிசெல்வி சிரித்த நாவல்

எனக்குக் கதை படிக்காமல் பொழுது போகாது மேடம். சிலருக்கு டீ மாதிரி எனக்கு அது. எல்லாம் போனில்தான். அத்தியாயத்துக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுத இடம் விடுவார்கள். அங்கே முதல் ஆளாக எழுதுவது பெரும்பாலும் இந்த மஞ்சுளாதான். எழுதுகிற அம்மாவே ஒருமுறை, ‘மஞ்சுக்கா, நீங்க இல்லாம நான் இல்ல’ என்று பதில் போட்டிருக்கிறார். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது, பாருங்கள்.

நான் வார்டனாக இருக்கிற லேடீஸ் ஹாஸ்டல் உங்களுக்குத் தெரியும், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. எல்லாமே கம்பெனிப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டதும் மொட்டைமாடியில் உட்காருவோம். வாரம் முழுக்க லென்ஸ் வழியாகப் பொடிப்பொடிப் பாகங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்பார்கள். அதனால் நான் சத்தமாகப் படிப்பேன், அவர்கள் கேட்பார்கள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ‘முள்வேலிக்குள் முல்லை’. அதிரூபன் பெரிய பணக்காரன். இதழினி அவனை வேண்டாம் என்கிறாள். அவன் அவளைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்த் தாலி கட்டிவிடுகிறான். அழுகிறாள், வெறுக்கிறாள், சாப்பிட மறுக்கிறாள். பிறகு அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள். அங்கே அவள் மனசு மாறுகிறது. அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். சுகப்பிரியா மூக்கை உறிஞ்சினாள்.

மாரிசெல்வி சிரித்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வாய்த்துடுக்கு. “யக்கா, கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவனுக்கு இவ ஈரத்துணி போடுதாளாக்கும்? எங்கூர்லன்னா வெளக்கமாத்தாலல்லா போடுவோம்” என்றாள். மாடி முழுக்கச் சிரித்தது. மூக்கை உறிஞ்சிய சுகப்பிரியாவும் சிரித்தாள்.

“கம்முனு கேளுடி. போவப் போவ அவளுக்குப் புடிச்சிடும்” என்றேன்.

“புடிக்காட்டா?”

போனை மூடிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு நான் மாடிக்குப் போனபோது அவள் அதிரூபன் மாதிரி காலரைத் தூக்கி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது மேடம். அதை மறைக்க மாட்டேன்.

லோகேஷ் உள்ளூர்ப் பையன், பிள்ளைப்பாக்கம். நிலம் விற்ற காசில் வேன் வாங்கிக் கம்பெனிக்கு ஓட்டுகிறான். மாரிசெல்வி மேல் அவனுக்கு உயிர். அவள் முடியாது என்றாள். வழிமறித்துக் கேட்டபோதெல்லாம் முடியாது என்றாள். அவன் கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் அழுதான். “நீ ஒரு வார்த்த சொன்னா அது வண்டில ஏறிக்கும்க்கா. நான் நல்லா வச்சிக்குவேன்க்கா.” அவ்வளவு பெரிய ஆள் அழுதால் யாருக்கும் மனசு இளகும். தவிர, நிஜமாகவே பிடிக்காதவள் இத்தனை தடவை வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல மாட்டாள். இது கதை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தாள். “உங்கம்மாவுக்கு நெஞ்சு வலியாம், போன் வந்துது. கார் சொல்லிக்கீறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போ. பேசுறதெல்லாம் கார்ல போகச்சொல்ல பேசிக்கோ” என்றேன். போன் எதுவும் வரவில்லை. அவள் முகம் கழுவப் போனபோது பையை நானே அடுக்கினேன். அடியில் இருந்த பட்டுப்புடவை என்னுடையதுதான், யாரும் திருடவில்லை. கல்யாணத்துக்குப் போகிற பெண்ணை யூனிபார்மில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

காரில் ஏறியதும் ஊருக்குப் பேசியிருக்கிறாள். அம்மாவே எடுத்திருக்கிறார். உடனே எனக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினாள். அதைக் கேட்டேன். “யக்கா, அம்மா நல்லாத்தான் இருக்கா. ஒங்கள யாரோ ஏமாத்திட்டாவ. வண்டி வேற பக்கம் போவுது. நீங்க மொதல்ல கேட்டைப் பூட்டுங்க, பிள்ளைகள வெளிய விடாதிய.” நல்ல பெண். அதனால்தான் அவளுக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமையட்டும் என்று நினைத்தேன். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து படுத்தேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் லோகேஷ் ஏறியிருக்கிறான். ஓடுகிற காருக்குள்ளேயே தாலி கட்டியிருக்கிறான். அவள் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். கதையில் இதழினியும் குதிக்கப் பார்ப்பாள், அதிரூபன் இடுப்பைப் பிடித்து நிறுத்திவிடுவான். லோகேஷ் பிடிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இடுப்பெலும்பும் தாடையும் உடைந்திருக்கிறது என்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. எலும்பு கூடிவிடும்.

டிரைவர் என் பெயரைச் சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சொல்லட்டும். நீங்கள் என் வாக்குமூலத்தில் ‘ஏமாற்றிக் கடத்த உதவினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் அமலா மேடம். நான் அவளை அனுப்பி வைத்தேன். அப்படி எழுதினால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்றுக் கேட்டீர்களே, “உன்ன ஒருத்தன் இப்படி இழுத்துக்கினு போயிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?” என்று. இருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. நாற்று நட்டுக்கொண்டிருந்த கழனியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்த்தான் அவர் எனக்குத் தாலி கட்டினார். காலில் இருந்த சேற்றைக் கழுவக்கூட விடவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு சீர் கொண்டு வந்தார்கள். எந்த மேடமும் வந்து என்னிடம் எழுதி வாங்கவில்லை. நான் குடும்பம் நடத்தினேன்.

மாரிசெல்வியிடம் போய் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தாடையில் கட்டுப் போட்டிருப்பதால் இப்போது எதிர்த்துப் பேசாமல் கேட்பாள். பிடிக்காமல் போகாது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எனக்கும் பிடித்தது. அவர் செத்த பிறகு, சுவரில் படத்தை மாட்டிக் குங்குமம் வைத்தபோது, இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது.