ஊர்ப்பெயர் போடாத கட்டளை

கரிசல் சீமைக் கணினிகளுக்கெல்லாம் கண்திறந்த காவல் தெய்வமே! எங்கள் மிளகாய் வற்றல் கொள்முதல் சங்கத்தின் கறுப்புத் திரையைக் கட்டி ஆண்டு இன்று பணிநிறைவு காணும் ஸ்டெல்லாமேரி அம்மையீர்! வணக்கம்.

தாங்கள் செய்த வேலை என்னவென்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பாராட்டக் கூடாதா? காலையில் விழிக்கும் கணினி ஒவ்வொன்றும் ‘என் எண் என்ன?’ என்று கேட்குமாம்; எண் கொடுக்க ஊருக்கொரு சேவை இருக்குமாம்; அது படுத்துவிட்டால், பேருந்து ஏறாமல், திரையில் ஒரு வரி தட்டியே பசுவந்தனையையும் விளாத்திகுளத்தையும் தாங்கள் கோவில்பட்டியிலிருந்து எழுப்புவீர்களாம். கேட்கக் கேட்கத் தலை சுற்றுகிறது, தாயே!

அந்த நாற்காலிக்குத் திங்கள் முதல் வரப்போகிறவர் கணக்கர் லிங்கராஜ். பாவம், தாங்கள் எத்தனை சொல்லியும் திருதிருவென விழிப்பவர். இன்று காலை பசுவந்தனைக் கணினிகளுக்கு எண் கிடைக்கவில்லை; வெள்ளாமையை விற்க வந்த சம்சாரிகள் வற்றல் மூட்டைகளோடு வெயிலில் நின்றார்கள். மாலை சூடும் நாளில் தங்களை அழைப்பதா என்று வீராப்பாய்க் கோவில்பட்டித் திரைமுன் அவரே அமர்ந்தார். அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கினால் சரியாகும் என்று நிறுத்தும் கட்டளையைத் தட்டினார். பசுவந்தனை அசையவில்லை, பதற்றத்தில் தொடங்க மறந்தார். மின்சாரம் போய்வந்ததும் கோவில்பட்டிக் கணினிகளும் எண்ணின்றி நின்றன. இந்த வாழ்த்து மடலை அச்சிடவிருந்த பிரிண்டரும் படுத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்!

பட்டுச்சேலையோடு தாங்கள் ஓடி வந்தீர்கள்.

“எந்த ஊருன்னு போட்டிய?”

“ஊரா? ஊரு ஒண்ணும் போடலியே அக்கா!”

“அட மனுசா! ஊரு போடலன்னா அது இங்கனல்லா நிப்பாட்டும்? மொதல்ல இங்கன தொடங்குங்க. பொறவு பசுவந்தனை பேரோட அடிங்க.”

தாங்கள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. லிங்கராஜே அடித்தார். பசுவந்தனையிலிருந்து அழைப்பு வந்தது: “வந்துட்டு அண்ணாச்சி!” எப்படி வந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அவர் அழுதுவிட்டார். நாங்களும்தான். எழுதி வைத்த மடலில் இதையும் சேர்த்தே அச்சிட்டோம்.

எட்டயபுரத்து இல்லத்தில் நோய்நொடியின்றி, பேரன் பேத்தி சூழ, நூறாண்டு நிறைவாய் வாழ்க!

ஒரே விண்ணப்பம், அம்மையீர்! கைப்பேசியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். இங்கிருந்தபடியே பசுவந்தனையை எழுப்பினீர்கள். இனி அங்கிருந்தபடியே லிங்கராஜை எழுப்புங்கள்!

இங்ஙனம்,
ஒன்றும் விளங்காத, நன்றி மட்டும் மறவாத
சங்கப் பணியாளர்கள்